வெறுங்குழியின் மஞ்சள்

சோதனைத் தட்டின் கடைசி வரிசையை அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். கிருமி இருந்தால்தான் குழி மஞ்சளாக வேண்டும்; அந்தக் குழிகளில் கிருமித் துண்டு வைக்கவே இல்லை. வெளுத்துக் கிடக்க வேண்டியவை மூத்திர மஞ்சளாய்ப் பல்லிளித்தன.

ஆறு மாதம் முயல் கூண்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்த ரத்தம். அதிலுள்ள எதிர்ப்புரதம் கிருமியைப் பிடித்தால்தான் காய்ச்சல் சோதனை தேறும். அது தேறினால்தான் அவளுக்கு முனைவர் பட்டம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

காரணம் பிடிபட்டுவிட்டது. கிருமித் துண்டு பொடிசு. தனியாகப் போனால் முயலின் உடம்பு சட்டை செய்யாது. அதனால் அதை மாட்டுப் புரதத்தின் முதுகில் ஏற்றி ஊசி போடச் சொன்னார் சார், அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். எதிர்ப்புரதத்துக்கு இரண்டு கைகள். இரண்டின் நுனியிலும் ஒரே வடிவம், அதற்குப் பொருந்துவதைத்தான் கவ்வும். இந்த முயலிலோ சவாரிக்காரனை விட்டுவிட்டுக் குதிரைக்கு அளவெடுத்த கைகளே பெருகியிருந்தன. குழிகளின் மிச்ச இடத்தை அடைக்கச் சார் பூசச் சொன்னதும் அதே மாட்டுப் புரதம்; கிருமி இல்லாத குழியிலும் கைகள் அதைக் கவ்விவிட்டன!

"சார், வெறுங்குழியும் மஞ்சளாயிருக்கு."

பிஸ்கட் மென்ற வாயோடு அவர் தட்டின்மேல் குனிந்தார். தூள் கொட்டியது. "கடைசி வரிசைய வெட்டிட்டுப் படத்தப் போடும்மா. யாரு எண்ணப் போறா?"

"காய்ச்சல் இல்லாதவனையும் நோயாளின்னு சொல்லும் சார்."

"உனக்குப் பட்டம் வேணுமா வேண்டாமா? பாவம் உங்கம்மா, ஊர்த்துணி தொவச்சுப் படிக்க வச்சவங்க."

அந்த எச்சில் வாயில் அம்மாவா? அவள் ஊசியை எடுத்தாள்.

"அப்ப விரல நீட்டுங்க சார். காய்ச்சல் இல்லாத ரத்தம் ஒண்ணு வேணும்."

சிரித்துக்கொண்டே நீட்டினார். மதியம் அவர் ரத்தம் விட்ட குழியும் மஞ்சள்.

"என்னம்மா இது? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!"

"தட்டு நம்பலயே சார்."

"கிண்டலா? அழிச்சுடு அத. இல்லேன்னா என் கையெழுத்து கிடைக்காது."

அவள் அழிக்கவில்லை. கடைசி வரிசையோடு முழுத் தட்டின் படத்தை ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினாள். அடியில் எழுதினாள்: 'காய்ச்சல் இல்லாத ஆள்: எங்கள் பேராசிரியர். முடிவு: நோய் உண்டு.' தன் கையெழுத்தையும் போட்டாள்.

பட்டம் இப்போதைக்கு இல்லை. வேறு புரதத்தில் ஏற்றி, புது முயலில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கூண்டறைக் கதவைத் திறந்தாள். முயல் மூத்திரம் குப்பென்று அடித்தது. அவர் அறைக்கு இது எவ்வளவோ தேவலை.