மங்கல் வெளிச்சத்தில் வளர்ந்தவை

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியைக் கன்னத்தில் அறைந்த மறுநாள் காலை, அவள் முகத்தில் இருக்க வேண்டிய ரத்தக்கட்டு ஹாலில் இருந்த உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்குள் இருந்தது. உள்ளங்கை அகலம், நடுவில் ஊதா, ஓரத்தில் லேசான சிவப்பு. தொட்டியின் அடியில் கிடந்த கல்லில் காளான் மாதிரி ஒட்டிக்கொண்டு, தண்ணீர் அசைவுக்கு விரிந்து சுருங்கியது. அவள் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் கழுவித் துடைத்த தட்டு போலச் சுத்தமாக இருந்தது. வலி மட்டும் எங்கும் போகவில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். ரத்தக்கட்டு என்றால் முதலில் சிவக்கும், பிறகு நீலமாகும், பச்சையாகும், மஞ்சளாகும், அப்புறம்தான் மறையும் என்று தெரிந்தவள். வழியில் எங்கும் நிற்காமல் நேரே தொட்டிக்குப் போகிற ரத்தக்கட்டை அவள் கேள்விப்பட்டதே இல்லை. இத்தனைக்கும் சாவியை எங்கே வைத்தாய் என்று அவன் கேட்டதற்கு அவள் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானதுதான் அறைந்ததற்குக் காரணம்.

அந்த ஊரில் வீட்டுத் தொட்டியில் கோரல் என்கிற பவளம் வளர்ப்பவர்களுக்கு வெளிச்சம்தான் சாமி. கல்யாண மண்டபம் மாதிரி விளக்குகளைத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்காமலிருக்க இன்னொரு இயந்திரம் வைத்துக் குளிரூட்டி, மின்சாரக் கட்டணத்தை மனைவிக்குத் தெரியாமல் கட்டுகிற கூட்டம் அது. மெக்கானிக்கின் தொட்டியில் இருந்ததோ அழுதுவடிகிற ஒரு நீல பல்பு. அதுவரை அதில் பழுப்பு நிறத்தில் எதுவோ ஒன்று மட்டும் சோம்பலாக உயிரோடு இருந்தது. அடுத்த மாதம் அவன் அவள் கையை முறுக்கினான். மறுநாள் தொட்டியில் விரல் விரலாக ஒரு மெத்தென்ற பவளம் எழுந்து நின்று ஆடியது. அவன் ஒன்றும் மக்கு இல்லை. மூன்றாவது தடவையே விஷயம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கோபத்தில் அடிப்பது குறைந்தது, வேலையாக அடிப்பது கூடியது. பெல்ட்டுக்குச் சுருள் சுருளாக வந்தது. சிகரெட் நெருப்புக்கு மஞ்சள் வளையம் போட்ட பொத்தான் பவளங்கள் கொத்தாக வந்தன. பூட்ஸ் காலால் விலாவில் மிதித்த வாரம் வெள்ளையாகக் கிளைவிட்ட கல்பவளம் ஒன்று வந்தது. எக்ஸ்ரேயில் விலா எலும்பு முழுசாக இருந்தது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் அது முறிந்துதான் இருந்தது.

அவள் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். “எங்க அடிச்சாரு, காட்டு” என்றான். காட்டினாள். அங்கே ஒன்றுமில்லை. “மாப்பிள்ளை மேல வீணா பழி போடாதம்மா. ஏதோ கத்தியிருப்பாரு” என்று அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவன், தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்து, அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் ஏட்டு அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசித் தழும்பைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. “நீங்க சொல்றதை நம்பறேன். ஆனா எதை வச்சு நான் அவரைக் கூப்பிடுறது?” என்றாள். சாட்சி எல்லாம் ஹாலில் இருந்தது, வந்தவர்கள் எல்லாரும் அதை அழகு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பொல்லாத வருஷங்கள் இப்படியே போயின.

பவளம் வளர்ப்போர் சங்கம் மெக்கானிக்கைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. சங்கத் தலைவர் ஒரு கண் டாக்டர், மற்றவர்களில் ஒரு பேராசிரியர், ஒரு பேக்கரிக்காரர், ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கொசுவை அடிக்கவும் இரண்டு தரம் யோசிக்கிற மனிதர்கள். “லைட்டைக் கொட்டிக் கொட்டிக் கோரலை வறுக்காதீங்க சார். மங்கலா வைங்க. அது தன் கலரைத் தானே தேக்கி வச்சுக்கும்” என்று அவன் சொல்ல, அவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய் விளக்கைக் குறைத்தார்கள். பாசிதான் பிடித்தது. ஆனாலும் அவனைச் சந்தேகப்படவில்லை, தங்கள் கைராசியைத்தான் நொந்துகொண்டார்கள். அவனும் தாராளமாகப் பவளங்களில் துண்டு நறுக்கிக் கொடுத்தான். அவன் இங்கே கத்தரியை வைக்கிற நேரம், அங்கே பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் தொடையோ தோளோ சுண்டி இழுத்து, ஊசி கை தவறும். ஒவ்வொரு ரகத்துக்கும் அவர்கள் ஆசையாகப் பெயர் வைத்தார்கள்: மழைமேகம், மயில்கழுத்து, ராணிமோதிரம். கூட்டத்தில் எந்தத் துண்டைக் காட்டினாலும், கண்ணை மூடித் திறப்பதற்குள் அதன் பெயரைச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

அந்த வருஷக் கண்காட்சிக்கு முன்னால் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். மங்கல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் வந்துவிட்டது, நல்ல ரத்தச் சிவப்பு மட்டும் வரவில்லை, அது வந்தால் முதல் பரிசை வேறு யாரும் தொட முடியாது என்றார். அன்றிலிருந்து மெக்கானிக் அவள்மேல் கைவைக்கவில்லை. அதுதான் அவளுக்குக் குலையை நடுக்கியது. தொட்டியின் நடுவில் ஒரு பெரிய கல்லைக் காலி செய்து துடைத்து வைத்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து, தர்பூசணி தட்டிப் பார்க்கிறவன் மாதிரி, அவள் பின்மண்டையை விரலால் தட்டிப் பார்த்தான். அந்தச் சிவப்பு எங்கிருந்து வரப்போகிறது என்பதும், அது வந்தபின் தான் இருக்கப்போவதில்லை என்பதும் அவளுக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கம் அவர்கள் வீட்டில் கூடியது. ஹாலில் நிற்க இடமில்லை. அவள் டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். பேக்கரிக்காரர் கேட்டார்: “இப்படிப் பழகின கோரலுக்கு ஒரே நாள்ல லைட்டை ஏத்திட்டா என்ன ஆகும்?”

“உள்ள இருக்குற கலரை மொத்தமா வெளிய துப்பிடும். எலும்பாட்டம் வெளுத்துப் போயிடும்” என்றான் மெக்கானிக்.

துப்பினால் அது எங்கே போகும் என்று அவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பின்கட்டிலிருந்து அவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது கொண்டுபோகிற ஃபோகஸ் லைட்டைத் தூக்கிவந்தாள். ஐந்து மாடிக் குழியைப் பட்டப்பகலாக்குகிற விளக்கு அது. ஏதோ வேடிக்கை காட்டப்போகிறார்கள் என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தொட்டிமேல் வைத்து ஸ்விட்சைப் போட்டாள்.

பவளங்கள் முதலில் சுருங்கின. பிறகு பழுப்பு நூல் நூலாக எதையோ கக்கிவிட்டு, ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கின. அவற்றின் நிறம் அவள்மேல் ஏறியது. முதலில் கன்னம், அப்புறம் கை, கழுத்து, வாங்கிய வரிசையிலேயே. வெட்டிக் கொடுத்த இடங்களில் மட்டும் கத்தரி வைத்தது போலத் தோலை வெறுமையாக விட்டுவிட்டு வந்தது. “இது மழைமேகம்” என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில். “மயில்கழுத்து” என்றார் பேராசிரியர், அவள் முழங்கையைப் பார்த்து. பேக்கரிக்காரர் அவள் கழுத்தில் ஏறிய மஞ்சள் வளையங்களைப் பார்த்தார். “ராணிமோதிரம். என் பொண்ணு ரூம்ல வச்சிருக்கேன்” என்று சொன்னவர் அங்கேயே சுவரோரமாக வாந்தி எடுத்தார்.

மெக்கானிக்குக் கண்ணில் பட்டதெல்லாம் வெளுக்கிற தொட்டிதான். விருந்தாளிகள் இருப்பதை மறந்து, அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, தொட்டியின் இரும்பு ஸ்டாண்டில் மண்டையை மோதினான். இரண்டாம் முறை மோதுவதற்குள் அந்தச் சாது ஜனங்கள் அவன்மேல் விழுந்தார்கள். யாருக்கும் அடித்துப் பழக்கமில்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. தொட்டிக் கண்ணாடி துடைக்கிற காந்தக் கட்டையால் டாக்டர் அவன் மணிக்கட்டை நொறுக்கினார். பேராசிரியர் காதைக் கடித்தார். பாதிக் காதை அவர் எங்கே துப்பினார் என்று பிறகு தேடியும் கிடைக்கவில்லை. ஏஜெண்ட் தன் செருப்புக் காலால் அவன் வாயை மிதித்து, பல் உதிர்ந்த பிறகும் மிதித்தார். பெண் ஏட்டு வந்தபோது அவளைப் பார்த்துவிட்டுத்தான் அவனைப் பார்த்தாள். அவனைத் தூக்கிப்போகச் சொல்லும் முன் கொஞ்சம் தாமதித்தாள் என்பார்கள்.

கோர்ட்டில் ஒவ்வொரு உறுப்பினரும் தன் துண்டைச் சின்னத் தொட்டியில் கொண்டுவந்து அவள் தோலில் இருந்த வெற்றிடத்தோடு பொருத்திக் காட்டினார். எதுவும் மயிரிழை பிசகவில்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை துடைத்துப் போட்டுக்கொண்டதோடு சரி. மெக்கானிக்கை நெடுங்காலத்துக்கு உள்ளே தள்ளினார்கள். அவள் மேலிருந்த காயங்கள் பிறகு எல்லாருடையதும் போலவே நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தன, கூடவே பல வருஷத்து வலியும் மறைந்தது. ஆறுவதற்கு முன்பே காயம் ஓடிப்போனதால்தான் வலி தங்கியிருந்திருக்கிறது. இதைக் கேட்டதும் உறுப்பினர்கள் தங்கள் துண்டுகளையும் வெளிச்சத்தில் வைத்தார்கள். மிச்சக் காயங்களும் ஒவ்வொன்றாக வந்து ஆறின.

டாக்டர் மட்டும் தன் துண்டைத் தரவில்லை. “சாட்சி சொன்னேன்ல? இந்த மாதிரி பீஸ் உலகத்துலயே வேற இல்லம்மா” என்றார். அவள் இடது தோள் இரவும் பகலும் குடைந்தது. கேட்டுக் கேட்டு அலுத்து, ஒருநாள் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சுத்தியலோடு அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த டாக்டரின் மனைவி, சுத்தியலையும் அவளையும் பார்த்துவிட்டு, தொட்டி இருக்கும் அறையைக் கையால் காட்டினாள். கண்ணாடி மூன்றாவது அடியில் உடைந்தது. மீன்கள் தரையில் துள்ளின. டாக்டரின் மனைவி ஒரு வாளி உப்புத்தண்ணீரில் அவற்றை அள்ளிப் போட்டாள். இவள் பவளத் துண்டை எடுத்துப் பால்கனிச் சுவரில் உச்சி வெயிலில் வைத்து, கண்ணாடி கிழித்த கையிலிருந்து ரத்தம் சொட்ட, அது வெளுக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். தோளில் நீலம் ஏறியது.

“வலிக்குதா?” என்றாள் டாக்டரின் மனைவி.

“வலிக்குதுங்க. ஆனா இது போற வலி.”

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, ஐஸ் எடுத்து வர உள்ளே போனாள்.