பதினோரு எண்ணிக்கை

எங்கள் ராக் குழுவுக்கு ‘அமாவாசை’ என்று பெயர். அதனாலேயே ஒருவரும் எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஆரம்பித்த நான்கு பேரும் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்கள். அமாவாசையன்று தறிக்கு விடுமுறை, அன்றைக்குத்தான் பயிற்சி. பெயரும் அதுவே ஆகிவிட்டது. முப்பத்தைந்து வருடத்தில் பத்தொன்பது பேர் வந்து போயிருக்கிறார்கள். அந்த முதல் நால்வரில் ஒருவர்கூட இப்போது குழுவில் இல்லை. நான் அகிலா, நான்காவது டிரம்மர்.

அவர்கள் போட்ட முதல் பாட்டை இன்னும் வாசிக்கிறோம். நடுவில் எல்லோரும் சட்டென்று நிறுத்தி, மனசுக்குள் பதினொன்று எண்ணுவோம். பிறகு நான் அடித்துத் தொடங்க வேண்டும். எட்டு என்றால் புரியும், பதினாறு என்றால் புரியும். பதினொன்று எந்த ஊர்க் கணக்கு? சேர்ந்த அன்றே கேட்டேன். “அது அப்படித்தான்” என்றார்கள். எனக்கு இந்த ‘அப்படித்தான்’ என்கிற பேச்சே ஆகாது.

வரும் அமாவாசைக்கு அந்தப் பாட்டைப் பதிவு செய்ய ஏற்பாடு. கிட்டார் வாசிக்கும் சந்தோஷ்குமார் அந்த மௌனத்தை வெட்டிவிடச் சொன்னான்.

“கேக்குறவன் போன் ஹேங் ஆயிடுச்சுன்னு அடுத்த பாட்டுக்குப் பூடுவான்பா.”

நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பதினொன்று எண்ணும் நேரத்தில்தான் கூட்டம் முழுக்க, குச்சியைத் தூக்கிக்கொண்டிருக்கும் என்னையே பார்க்கும்.

“அமாவாசைக்குள்ள காரணத்த கண்டுபிடிக்கிறேன். முடியலன்னா வெட்டிக்க” என்றேன்.

எனக்கு முன் வாசித்த ஆனந்தகுமார், “கரண்ட் போயிருக்கும்” என்றான். அவனுக்கும் முந்தியவர் முசரவாக்கம் வேல்முருகன், “பாடுறவங்க தண்ணி குடிக்கத்தான்” என்றார். எங்கள் பாடகி காவேரி ஒருநாளும் அங்கே தண்ணீர் குடித்ததில்லை.

மிச்சமிருந்தது முதல் டிரம்மர் ஆதிகேசவன். இப்போது ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சரியான அவசரக்குடுக்கை. நான் ஒரு காலை உள்ளே வைத்ததுமே வண்டி கிளம்பிவிட்டது. கேள்வியை முடிப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது.

“அது முத்துக்குமார் எடம்மா. கிட்டார்ல தனியா ஒன்னு வாசிப்பான். என்னாண்ட சண்ட போட்டுக்கினு பூட்டான். வந்தா வாசிக்கட்டும்னு எடத்த அப்படியே உட்டோம்.”

“அப்புறம் வரலையா?”

“வரல.”

“யாராவது கூப்பிட்டீங்களா?”

ஆட்டோ முதல் தடவையாக மெதுவாகப் போனது. “கூப்புடலியே” என்றார்.

இத்தனை வருடம்! இடத்தைப் போட்டு வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடவில்லை. “அடப்பாவிகளா” என்று வாய்விட்டே சொன்னேன்.

முத்துக்குமார் வீடு எங்கள் பயிற்சி அறையிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. தறியில் உட்கார்ந்திருந்தவர், குழுவின் பெயரைக் கேட்டதும் கையை நிறுத்தினார். அமாவாசையன்று வருவீர்களா என்று கேட்டேன்.

“அமாவாசன்னா எனக்கு லீவுதாம்மா. முப்பது வருசமா சும்மாதான் குந்திக்கினு இருக்குறேன்.”

“சண்டை எதுக்குங்க?”

“வந்து வாசிச்சே காட்டுறேன்” என்று சிரித்தார்.

சந்தோஷ்குமாரிடம் சொன்னேன். “ஆளு நெஜமாவே வந்தா வெட்ட மாட்டேன்” என்றான்.

வந்தார். பழைய கிட்டாரில் புதுக் கம்பிகள் மாட்டியிருந்தார். ஆதிகேசவனையும் கூப்பிட்டிருந்தேன், கூப்பிடாமல் விடுகிற தப்பை நாங்களும் செய்வானேன்? அவர் உள்ளே வராமல், ஆட்டோ சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. நாங்கள் நிறுத்தினோம், முத்துக்குமார் வாசித்தார். ஒன்பது, பத்து, பதினொன்றில் என் கை தானாக எழுந்தது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு வேண்டியது பதினாறு. ஆதிகேசவன் ஒவ்வொரு தடவையும் பதினொன்றிலேயே புகுந்து அடித்திருக்கிறார். சண்டையே அதற்குத்தான். முத்துக்குமாருக்காக இடம் விட்டபோதும் பதினொன்றுதான் விட்டிருக்கிறார்கள்!

குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வாசலில் சாவிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

பதினாறும் முடிந்தது. முத்துக்குமார் என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலைப் பார்த்தார்.

“இப்ப அடிடா, ஆதி.”

நான் முழுசாக எழுந்திருப்பதற்குள் ஆதிகேசவன் வந்து உட்கார்ந்துவிட்டார்.