சாந்தாமணிக்குப் பதிலாகப் பேசியவள்

1

இந்தக் கதைக்குக் காரணம் கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளினில் நடந்த, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்து. தட்டோடு நின்றிருந்த என்னிடம் ஓர் அங்கிள் என்ன வேலை என்று கேட்டார். மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிகளில் ஆராய்ச்சி என்றேன். "அப்ப கார் மெக்கானிக்கா?" என்றார். தயிர்சாதத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றியே எழுதினால் திட்டுவதிலேயே தாள் தீர்ந்துவிடும். அதனால் வேறொருத்தியை உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: சன்னிவேலின் நீல வானத்தின் கீழே, கண்ணில் கனவுகளைச் சுமந்தபடி—

(வேண்டாம். அவள் சுமந்தது டிபன் டப்பா.)

இரண்டாவது: சாந்தாமணி பெருந்துறைக்காரி. வயது இருபத்தாறு. குடும்பத்தில் முதல் பட்டதாரி. சன்னிவேலில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பெரிய தொட்டிகளில் வனேடியம் என்ற உலோகத்தின் கரைசலை ஓடவிட்டு, காற்றாலை தரும் மின்சாரத்தை அதில் சேர்த்து வைக்கப் பார்க்கிறார்கள். மின்சாரம் ஏற ஏற ஒரு தொட்டியில் நீலம் மஞ்சளாகும். இன்னொன்றில் பச்சை ஊதாவாகும். அந்த ஊதாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குப் பசிக்காது.

(மிகை. பசிக்கும். இருக்கட்டும்.)

2001 ஜனவரியில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். முதலீடு செய்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள், மாதக் கடைசியோடு மூடுகிறோம் என்றார். கம்பெனி போனால் விசா போகும். விசா போனால் பெருந்துறை.

அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: வீட்டின் இரண்டாவது பட்டதாரி ஊர் திரும்பினால், "அமெரிக்கா புடிக்கலையாமா" என்பார்கள். முதல் பட்டதாரி திரும்பினால், அதுவும் பெண்ணாக இருந்தால், "அப்பவே சொன்னேன், பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இத்தன படிப்பு" என்பார்கள். அவளுக்குப் பின்னால் படித்துக்கொண்டிருக்கும் தங்கைகளின் புத்தகங்களையும் சேர்த்துத்தான் மூடுவார்கள்.

3

மயில்சாமி அங்கிள் வருகிறார். கன்சல்டன்சி வைத்திருப்பவர். ஆட்களுக்கு ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியை அவசரமாகச் சொல்லிக்கொடுத்து, இல்லாத அனுபவத்தையும் சேர்த்து, கம்பெனிகளுக்கு அனுப்பி வைப்பார். இவரை வில்லனாக்கப் பலமுறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் மனிதர் யாரையாவது ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிடுகிறார்.

"சொன்னாக் கேளு அம்மிணி. பேட்டரிக்கு எதிர்காலம் இல்லேங்கல. அது வந்து சேர்றப்ப உனக்குத் தலை நரைச்சிருக்கும். ஜாவா இப்ப ஓடிட்டிருக்குது, ஏறிக்க."

"எனக்கு ஜாவா தெரியாதுங்க அங்கிள்."

"யாருக்குத் தெரியும்? போன் இன்டர்வியூவ பிரீத்தி அட்டெண்ட் பண்ணிக்குவா. செலக்ட் ஆன பொறவு நீ போயி உக்காந்து கத்துக்க. பாதிப் பேரு அப்புடித்தான் உக்காந்திருக்கறாங்க."

பிரீத்தி அவருடைய ஆட்களில் ஜாவா உண்மையாகவே தெரிந்தவள், சென்னைக்காரி. இதுவரை பல பெண்களாகப் பேசியிருக்கிறாள். போனில் முகமா தெரியப்போகிறது?

(இந்த இடத்தில் சாந்தாமணி மறுப்பதாக எழுதினேன். நிமிர்ந்து நின்று நாலு வசனம். படித்துப் பார்த்தால் அத்தனையும் நான் டப்ளினில் அந்த அங்கிளிடம் சொல்லியிருக்க வேண்டியவை. அடித்துவிட்டேன். அவள் சரியென்றாள்.)

4

பகல் நேரம், பிரீத்தியின் அபார்ட்மென்ட். படுக்கையறையில் பிரீத்தி கார்ட்லெஸ் போனில் சாந்தாமணியாகப் பேசிக்கொண்டிருந்தாள். நிஜ சாந்தாமணி சமையலறையில் சத்தம் காட்டாமல் நின்றிருந்தாள். தன் பெயரில் ஒருத்தி இவ்வளவு நல்ல இங்கிலீஷ் பேசுவதைக் கேட்க அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மின்சாரம் போனது.

(கதையின் வசதிக்காக நான் நிறுத்தவில்லை. அந்த மாதம் கலிஃபோர்னியாவில் ஏரியா ஏரியாவாக நிறுத்தினார்கள். தேவைக்கு மின்சாரம் போதவில்லை, போதுமான அளவு சேர்த்து வைக்கவும் வழியில்லை. சேர்த்து வைக்கப் பார்த்த கம்பெனியை மூடிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.)

கரண்ட் இல்லாமல் கார்ட்லெஸ் செத்தது.

"ஐயோ, சூப்பரா போயிட்டிருந்துதுடி!" என்று கத்தினாள் பிரீத்தி. "கரண்ட்ட ஸ்டோர் பண்றோம், ஸ்டோர் பண்றோம்னு பீலா விட்டியே, ஒரு போனுக்குத் தர முடியுதா உன்னால?"

"அது லாரி சைஸ் தொட்டி பிரீத்தி. ஹேண்ட்பேக்ல போட்டுட்டா வர முடியும்?"

அப்போது சமையலறைச் சுவரில் இருந்த பழைய வயர் போன் அடித்தது. அதற்கு டெலிபோன் கம்பியிலிருந்தே மின்சாரம் வந்துவிடும். காதுக்குப் பக்கத்தில் மணி அடித்தால் கை தானாகப் போகும். சாந்தாமணி எடுத்தாள். ஆபீஸ் வழக்கப்படி தன் பெயரையும் சொன்னாள்.

மறுமுனையில் இன்டர்வியூ எடுத்தவர். குரல் மாறியிருந்ததைக் கவனித்த அந்த மனிதர் மரியாதையாகவே கேட்டார்: இவ்வளவு நேரம் என்னோடு பேசியது நீங்கள்தானா?

பிரீத்தி ஓடிவந்து வாசலில் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

5

முடிவு அ: ஆமாம் என்கிறாள். தொண்டை கட்டியிருக்கிறது என்கிறாள். வேலை கிடைக்கிறது. அடுத்த வருஷம் இன்னொரு பெண்ணுக்காக அவளே போனில் பேசுகிறாள்.

முடிவு ஆ: இல்லை என்கிறாள். அவள் நேர்மையை மெச்சிய அந்த மனிதர் அங்கேயே, அப்போதே—

(எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

முடிவு இ: இல்லை என்கிறாள். அவர் போனை வைக்கிறார், அடுத்து மயில்சாமி அங்கிளைக் கூப்பிடுகிறார். அங்கிள் கொண்டுவந்த ஆட்களின் வேலை ஆட்டம் காண்கிறது. பிரீத்தியுடையதும்தான். அவள் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இங்கேதான் நின்றுபோனேன். கோபத்தில் தொடங்கிய கதை, கோபித்துக்கொள்ள ஆளில்லாமல் நிற்கிறது.

ஆகவே நீங்களே சொல்லுங்கள். உண்மையைச் சொல்லணும் என்பவர்கள், முதலில் உங்களிடம் என்ன விசா இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். பொய் சொன்னால் என்ன என்பவர்கள், நாளையிலிருந்து அவள் நாற்காலியில் போய் உட்காரத் தயாரா என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் சீக்கிரம். அவர் இரண்டாம் முறை கேட்டுவிட்டார். சாந்தாமணி வாயைத் திறக்கிறாள்.