ராக்கெட்டின் டேப்

அந்த மருத்துவமனையில் அவனை எல்லாரும் 'ராக்கெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். நடையைப் பார்த்து வைத்த பெயரல்ல. நடையில் அவன் ஆமைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கணினிப் பிரிவில், இரவுதோறும் தகவலையெல்லாம் காந்த நாடாவில் நகலெடுக்கும் டேப் பேக்கப் விடிந்த பிறகும் இழுத்துக்கொண்டே கிடந்தது; அதைப் பறக்க வைத்ததற்காக மேலாளர் சூட்டிய பட்டம் அது.

செய்த வேலை பெரிய மந்திரமில்லை. டேப்புக்குத் தகவல் இடைவிடாமல் வரவேண்டும். வரத்து குறைந்தால் டேப் நிற்கும், கொஞ்சம் பின்னால் போகும், மறுபடி கிளம்பும். குடையை மறந்துவிட்டு வாசலுக்கும் வீட்டுக்கும் அலைகிற மனிதரைப் போல. ஒரு துறையின் சர்வரால் தனியாக அதற்குத் தீனி போட முடியவில்லை. எனவே எட்டுத் துறைகளின் தகவலையும் ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு கைப்பிடியாக மாற்றி மாற்றி ஊட்டினான். டேப் நிற்காமல் ஓடியது. மேலாளர் கைகுலுக்கினார். அக்கா சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

இன்று காலை, ஸ்கேன் படங்கள் இருந்த கணினி வட்டு பழுதாகிப் படுத்துவிட்டது. மாடியில் அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்தவர் அக்காவின் கணவர்.

சர்ஜன் போனில் சுருக்கமாகச் சொன்னார். "நேத்து எடுத்த படம் கையில இருக்கு. தலைக்குள்ள இருக்கிற புள்ளி வளர்ந்திருந்தா திறப்பேன், இல்லேன்னா தொடவே மாட்டேன். ஒத்துப்பார்க்கப் போன வருஷப் படம் வேணும். மதியத்துக்குள்ள குடுங்க. அப்புறம் நான் ஊர்லயே இல்ல."

"இதோ வந்துரும் சார்" என்று டேப்பைச் செருகினான். சாயங்காலம் முடியும் என்றது திரை.

அப்போதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. ஸ்கேன் துறையின் ஒரு கைப்பிடி வேண்டுமென்றால், மற்ற ஏழு பேருடைய கைப்பிடியையும் படித்துத் தூக்கிப்போட வேண்டும். உள்ளே போகும் வேகத்தை அளந்தவன், வெளியே எடுத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். "யோவ் ராக்கெட், நீதானே வேகமாக்குன? இன்னும் கொஞ்சம் முடுக்கு."

"போறதுக்குத்தான் சார் அந்த வேகம். வர்றதுக்கு இல்ல."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எனக்கே இப்பத்தான் சார் தெரியுது."

அக்கா மூச்சு வாங்கப் படியிறங்கி வந்தாள். "டேய், என் தம்பிதான் பாக்குறான், சட்டுனு வந்துரும்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். எங்க படம்?"

அவன் ஓடிக்கொண்டிருந்த டேப்பைக் காட்டினான். "எட்டுப் பேர் துணியையும் மாத்தி மாத்தி அடுக்கி ஒரே மூட்டையாக் கட்டிட்டேன்கா. கட்டுறது சீக்கிரம். இப்ப அத்தான் சட்டை மட்டும் வேணும்னா முழுசும் பிரிக்கணும்."

"கட்டுறப்போ, ஒரு நாள் அவுக்கணுமேன்னு தோணலையாடா?"



மதியம் சர்ஜன் கிளம்பிப் போனார்; இனி அடுத்த வாரம்தான். அத்தானைத் திரும்ப வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். "மச்சான், உன் புண்ணியத்துல என் மண்டை இன்னிக்குத் தப்பிச்சுது" என்று சிரித்தார்.

பொழுது சாயும்போது போன வருஷப் படமும் நேற்றையதும் டேப்பிலிருந்து வந்தன. பழையதையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரே அளவாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் புதியது பெரிதாகத் தெரிந்தது. இன்னொரு தடவை பார்த்தால் மறுபடி ஒரே அளவு.

"வளர்ந்திருக்கா? சொல்லேன்டா" என்றாள் அக்கா.

"எனக்குப் பார்க்கத் தெரியாதுக்கா."

அவள் அவன் பக்கத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அன்றைய பேக்கப் தானாகத் தொடங்கியது. தங்குதடையில்லாத, அழகான ஓட்டம். அவன் எழுந்து அதை நிறுத்தினான்.

"என்னடா பண்ற?"

"ஸ்கேனுக்குன்னு தனி டேப் போடுறேன்."

"லேட்டாகுமா?"

"ஆகும்கா. பழையபடி நின்னு நின்னுதான் ஓடும்."

"ஆகட்டும்" என்றாள், அந்தப் புள்ளிகளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.