ஷைனி சொன்ன சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொன்னால் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, கர்த்தர் எனக்கு இதைச் செய்தார் என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தால் பொய்யராவது நாமில்லை, கர்த்தர். அதனால் முழங்கால் வலி போய்விட்டதாகச் சாட்சி சொன்ன கிழவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பதை கேரளத்தில் எங்கள் ரான்னிப் பக்கம் வந்தால் இன்றைக்கும் பார்க்கலாம்.

என் தம்பி பாபிக்குட்டி சாட்சி சொன்னது தன் முழங்காலுக்கு அல்ல, மகளுக்கு. பெர்சிஸுக்கு ஏழு வயதில் வலிப்பு வந்தது. திருவல்லா டாக்டர் கொடுத்த மாத்திரையில் அடங்கியிருந்தது. கன்வென்ஷன் கூட்டத்தில் பாஸ்டர் உம்மச்சன் அவள் தலையில் கை வைத்து ஜெபித்ததும், இவன் வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் பம்பையாற்றில் வீசிவிட்டு வந்தான்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்றான். "என் மக சுகமாயிட்டா. இனி எங்க வீட்டுக்குள்ள மருந்து வராது. அவர் சொன்னா கீழ்ப்படியறதுதான் நம்ம வேலை. மிச்சத்தை அவர் பாத்துக்குவார்."

சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. என் தம்பி நல்லவன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். குடிகாரனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். அவன் மனைவி ஷைனி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆமென் என்றாள்.

என் வீடு அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான். ஒருநாள் காலையில் கறிவேப்பிலை கேட்கப் போனபோது ஷைனி அடுக்களையில் கரண்டியின் முதுகால் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேகவைத்த நேந்திரம்பழம்.

"என்னடி இது?"

அவள் திடுக்கிடக்கூட இல்லை. "கசக்கும் சேச்சி. வெல்லம் நெறையப் போட்டா தெரியாது."

"பாபிக்குத் தெரிஞ்சா?"

"அவரு கர்த்தரை நம்பட்டும். நானும்தான் நம்பறேன். டாக்டரையும் சேத்து நம்பறேன், அவ்வளவுதான். அம்மாவைப் பாக்கத் திருவல்லா போறப்ப வாங்கிட்டு வந்துடுவேன். காட்டிக்கொடுக்கணும்னா இப்பவே போய்ச் சொல்லிடுங்க."

"எனக்கு வேற வேலை இல்லை பாரு. கரண்டியை நல்லாக் கழுவி வை, வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு."

ஒரு வருடம் ஓடியது. வலிப்பு எட்டிப்பார்க்கவில்லை. பெர்சிஸ் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு சபைக்கு முன்னால் நின்று, "இயேசப்பா என்னைத் தொட்டாரு, நான் மருந்தே சாப்பிடறதில்லை" என்று சொல்லும்போது அதில் ஒரு துளி பொய் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்த எனக்கே ஒரு நொடி நம்பிக்கை வரும். மற்ற சபைகளில் கூப்பிட்டார்கள். பாபிக்குட்டி பைக்கில் முன்னால் உட்காரவைத்து ஊர் ஊராகக் கூட்டிப் போனான். எனக்குத் தலைவலி என்றால் வந்து நெற்றியில் கை வைத்து ஜெபிப்பாள். அந்தச் சின்னக் கைக்கு என் தலைவலி போனதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வினை சண்ணிச்சன் வழியாக வந்தது. மேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். அவன் மகன் யாபேஸுக்கும் இதே வலிப்பு, இதைவிடக் கடுமை. ஒரு ஞாயிறு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"பெர்சிஸ் மோளுக்குச் செஞ்சவரு என் பிள்ளைக்கும் செய்வாரு. இன்னையோட இவனுக்கு மாத்திரையை நிறுத்தறேன்."

அவன் மனைவி மோளிக்குட்டி எங்கள் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஷைனி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சேச்சி, அந்தப் பையன் செத்துப்போவான்."

"பேசாம உக்காரு. உன் பிள்ளையைப் பாரு."

அப்படித்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அவள் எழுந்துவிட்டாள்.

"நான் ஒரு சாட்சி சொல்லணும்."

ஆண்கள் பக்கத்தில் பாபிக்குட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெண்டாட்டி அதுவரை ஒரு சாட்சியும் சொன்னதில்லை.

"என் மகளுக்கு நான் ரெண்டு வேளையும் மாத்திரை கொடுக்கறேன். பழத்துல வச்சு. அவளுக்குத் தெரியாது, அவ பப்பாவுக்கும் தெரியாது. வலிப்பு நின்னது அதாலதான். சண்ணிச்சாயா, கும்பிட்டுக் கேக்கறேன், பையனோட மருந்தை நிறுத்தாதீங்க."

பாஸ்டர் உம்மச்சன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். கண் கலங்க மெதுவாகப் பேசினார்.

"மோளே, மாத்திரையாலதான் நின்னதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கே அவர் சுகமாக்கிட்டாரு. சுகமான பிள்ளைக்கு நீ வருஷம் முழுக்க மருந்து கொடுத்திருக்க. நீ புருஷனுக்கும் கீழ்ப்படியல, தேவனையும் நம்பல. அப்படியிருந்தும் அவர் உன் வீட்டைக் கைவிடல, பாத்தியா?"

ஸ்தோத்திரம் என்று கூரை அதிர்ந்தது. அற்புதத்தை உடைக்க எழுந்தவள் அதை இரண்டு மடங்காக்கிவிட்டு உட்கார்ந்தாள். பாஸ்டர் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று நானும் மூளையைக் கசக்கிப் பார்க்கிறேன், இதுவரை அகப்படவில்லை.

மனந்திரும்பும்வரை ஷைனிக்குத் திருவிருந்து இல்லை என்றார்கள். வீட்டில் பாபிக்குட்டி கை நீட்டவில்லை. அரிசிப் பானைக்குள் கை விட்டுத் தேடி, மாத்திரைகளை எடுத்துக்கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டு வந்து அழுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டி."

"சொல்லியிருந்தா கொடுக்க விட்டிருப்பீங்களா?"

ஷைனி அசரவில்லை. ஆற்றில் எறிந்தால் என்ன, திருவல்லா எங்கே ஓடிப்போகப்போகிறது? மறுநாளே போய் வாங்கி வந்துவிட்டாள்.

ஆனால் பெர்சிஸ் சாப்பிடவில்லை. பழத்தைத் தள்ளினாள். கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள். நான் கொண்டுபோன புட்டையும் கிளறிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இதை அம்மா தொட்டாங்களா?"

"இல்லைடி. நான் செஞ்சது."

"சத்தியமா?"

கடைசியில் பாபிக்குட்டி பொங்கியதை மட்டும் தின்றாள். வெந்நீர் வைக்கத் தெரியாதவன் கப்பைக்கிழங்கை அடிபிடிக்க அவித்து வைப்பான், அதைத் தின்பாள். தண்ணீரைத் தானே கிணற்றில் இறைத்துக் குடிப்பாள். "அம்மா என்னை ஏமாத்திட்டாங்க. இயேசப்பா ஏமாத்தமாட்டாரு." அம்மா நிற்கும்போதே சொல்வாள்.

அந்த வாரமே முற்றத்தில் விழுந்து துடித்தாள். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கும்போது உதடு கிழிந்து ரத்தம். நினைவு திரும்பியதும் ஷைனி ஒளிக்காமல் மறைக்காமல் மாத்திரையும் தண்ணீருமாக மண்டியிட்டாள்.

"கண்ணு, இதோ உன் கண்ணெதிர்லயே கொடுக்கறேன். இதை மட்டும் முழுங்கிடு."

குழந்தை பல்லை இறுகக் கடித்துக்கொண்டது. பற்களுக்கு இடையிலேயே, "இது சோதனை. நான் நம்பறேன்" என்றாள். பாபிக்குட்டி அவளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வாயைத் திறந்து மாத்திரையைப் போடு என்று அவன் ஒரு சொல் சொன்னால் அவள் விழுங்கியிருப்பாள். சொல்லவில்லை. சாட்சி சொன்னவன் அல்லவா!

அன்று சாயங்காலம் பின்வாசலில் மோளிக்குட்டி வந்து நின்றாள். முக்காட்டை வாய்வரை இழுத்து மூடியிருந்தாள்.

"ஷைனி, அவரு யாபேஸோட மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டாரு. நான் கொஞ்சம் எடுத்து மறைச்சு வச்சிருக்கேன். எதுல கலந்து கொடுக்கணும்? எப்படிக் கொடுக்கணும்? சொல்லேன்."

ஷைனி சொன்னாள். எப்படி நசுக்குவது, வெல்லம் எவ்வளவு, முதல் வாயை எப்போது ஊட்டுவது, எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். உள்ளே பெர்சிஸ் ஜெபிப்பது எங்களுக்குக் கேட்டது.

"பையனுக்குச் சந்தேகம் வந்துடாதே?" என்றாள் மோளிக்குட்டி.

"வராது," என்றாள் ஷைனி. "அம்மா கையால கொடுத்தா குழந்தைங்க நம்பும்."