பதிமூன்றாவது ஊசி

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சுகாதாரத் துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கணக்குக் கோப்பு இணையத்தில் ஏற்றப்பட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம்.

மூட்டுவாதத்துக்கு வந்திருக்கும் புது ஊசியை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடலாமா, செலவுக்குத் தக்க பலன் உண்டா என்று பார்க்கும் கோப்பு அது. வெள்ளிக்கிழமை கூடும் குழு அதை வைத்துத்தான் முடிவெடுக்கும். தகும், மயிரிழையில் தகும் என்றது கோப்பு. அதைத் தயாரித்தவள் அந்த அலுவலகத்தின் பொருளியல் ஆய்வாளர். அதுவரை முடிவை மட்டும்தான் வெளியிடுவார்கள். கணக்கையும் திறந்துவைக்கலாம் என்று எட்டு மாதம் நச்சரித்தவள் அவள்தான். இயக்குநரோ எந்தக் கோப்பையும் கடவுச்சொல் போடாமல் மூடமாட்டார். அலுவலகத்தில் அவர் பெயர் பூட்டு.

“திறக்கிறது சுலபம்மா,” என்றார் பூட்டு. “ஒரு தப்பு வெளியில வந்துச்சுன்னா இதுதான் முதல் கோப்பு, இதுதான் கடைசிக் கோப்பு. சொல்லிட்டேன்.”

புதன்கிழமை முழுக்க ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வியாழன் மதியம் தொலைபேசி அடித்தது. ஒரு மருத்துவமனையின் ஊசி அறையிலிருந்து நர்ஸ்.

“மேடம், உங்க கோப்பைப் பாத்தேன். முக்கால்வாசி எனக்குக் கோழிக் கிறுக்கல். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க ஆபீஸ்ல வருஷத்துக்கு எத்தனை வாரம்?”

“என்ன சிஸ்டர் கேள்வி இது? அம்பத்திரண்டு.”

“எங்களுக்கும் அதேதான். இந்த மருந்து நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. அப்போ வருஷத்துக்கு எத்தனை?”

அவள் கோப்பைத் திறந்து அந்த வரியைத் தேடினாள்.

“பதிமூணு. நீங்க பன்னண்டு போட்டிருக்கீங்க. அந்தப் பதிமூணாவதை என்ன, நான் காத்துலயா போடுறேன்?”

நாலு வாரத்தை ஒரு மாதமாக்கிவிட்ட கணக்கு. திருத்திப் போட்டதும் ஓர் ஊசியின் செலவு கூடி, ‘தகும்’ என்பது ‘தகாது’ என்று மாறியது. வேறு யாரும் கவனித்த மாதிரி இல்லை. காதும் காதும் வைத்தாற்போல் மாற்றி ஏற்றிவிடலாம். அரைமணி நேரம் அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தவள், எழுந்து பூட்டின் அறைக்குப் போனாள்.

“சார், தப்பு வந்துடுச்சு.”

“நான் சொன்னேனா இல்லையா!” அவர் முகத்தில் பல்பு எரிந்தது.

“அந்தப் பன்னண்டு ஆறு வருஷம் முன்னாடி நீங்க குடுத்த மாதிரிப் படிவத்துல இருக்கு சார். அதைப் பாத்துதான் எல்லாரும் போடுறோம்.”

பல்பு அணைந்தது. “அப்போ பழைய கோப்பெல்லாம்?”

“பாத்தாத்தான் தெரியும். திறக்கிறீங்களா?”

மூன்று கடவுச்சொல் அடித்தார். மூன்றும் தவறு என்றது கணினி.

“பொண்ணு பொறந்த தேதின்னு நினைச்சேன்.”

“எந்தப் பொண்ணு சார்?”

“அதைத்தான் யோசிக்கிறேன்.”

திருத்தமும், தவறு வந்த விதமும், கண்டுபிடித்தது ஊசி அறை என்ற வரியும் அன்று மாலையே இணையத்தில் ஏறின. குழு முடிவைத் தள்ளிவைத்தது. மருந்து நிறுவனம் விலையை எட்டு விழுக்காடு குறைத்தது. ஏப்ரல் பதினேழாம் தேதி ஊசிக்கு அனுமதி கிடைத்தது. பழைய கோப்புகள் பதினொன்றைக் கணினிப் பிரிவு திறந்தது. நான்கில் அதே தவறான பன்னிரண்டு இருந்தது. அடுத்த கோப்பு மே மாதம் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டது.