நாலு பூக் கண்ணி

கண்ணுசாமி கட்டும் சரம் கெட்டுப்போய் எட்டு மாதமாகிறது. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கண்ணிக்கு நாலு பூ, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. ஊரில் சின்னப் பிள்ளைகூடத் தூக்கத்தில் கட்டும். ரஷ்யாவுக்குப் போய் வந்ததிலிருந்து இவன் கை மட்டும் மூன்று பூ வைத்து முடிச்சுப் போடுகிறது. சரம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். "குளிர்ல விரலு மரத்துப்போச்சாண்ணே?" என்று கேலி பேசினார்கள். ஆமாம் என்று சிரித்து வைத்தான்.

இன்று சாயங்காலம் அவன் தம்பி விக்னேஷ்குமார் மதுரைக்குப் போய் விமானம் ஏற வேண்டும். கண்ணுசாமியை அனுப்பிய அதே ஏஜெண்டு, ரஷ்யாவில் அவன் வேலை பார்த்த அதே பூப்பண்ணை. போகாதே என்று பத்து நாளாகச் சொல்கிறான் கண்ணுசாமி. ஏன் என்று கேட்டால் வாயைப் பூட்டிக்கொள்கிறான். வாசலில் வேப்ப மரத்தடியில் பாய் விரித்து, தம்பி பெண்டாட்டி கீர்த்தனா வழியனுப்பு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். பாயின் ஓரத்தில் பாஸ்போர்ட் கிடந்தது.

"நீ போய் வீட்டுக்குத் தளம் போட்ட. நான் போனா மட்டும் ஆகாதா?" என்றான் விக்னேஷ். "சண்டையில ரஷ்யாக்காரன் ஜெயிச்சுக்கிட்டுல்ல இருக்கான். நேத்துக்கூட ஒரு ஊரப் பிடிச்சுட்டானாம், டிவில சொன்னான்."

அந்தச் சொல்தான் கண்ணுசாமியைக் கிளப்பிவிட்டது.

"ஊரப் பிடிச்சான், ஊரப் பிடிச்சான்னு நானும் அங்க தினம் கேட்டேன்லே. ஒருநா அப்படித்தான் டிவில கைதட்டுறாங்க. அன்னைக்கே பண்ணையில செடிக்குச் சூடு குடுக்குற வெந்நீர்க் குழாய் வெடிச்சுருச்சு. ஒட்டவைக்க ஒரு ஆளு இல்ல. ஃபிட்டர் சண்டைக்குப் போயிட்டான், அவன் தம்பியும் போயிட்டான். விடியறதுக்குள்ள ஒரு கூடாரம் ரோசாப்பூ பூராம் கண்ணாடி மாதிரி விறைச்சுக் கெடக்கு. பள்ளிக்கூட பஸ்ஸ டீச்சரம்மா ஓட்டுது. ரொட்டிக்கடை சாத்திக் கெடக்கு. நிலக்கோட்டையில பூப்பறிச்சவனக் கூட்டிட்டுப் போய் வேலைக்கு வைக்கிறான்னா, அந்த ஊரு ஆம்பளைக எங்கலே?"

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை என்பார்களே, அதை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருந்தான். அங்கே நலியாமல் நடந்த தொழில் ஒன்றே ஒன்று, பூ. ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. நல்ல யாவாரம் என்று அவனும் முதலில் சந்தோஷப்பட்டான்.

அவன் தங்கியிருந்தது கலீனா என்ற அம்மாள் வீட்டில். ஒரே மகன் சாஷா போர்முனையில் இருந்தான். அவனுடைய அறை, அவனுடைய கட்டில், குளிருக்கு அவனுடைய கோட்டு, எல்லாம் கண்ணுசாமிக்குக் கொடுத்திருந்தாள். கோட்டுப் பையில் அவன் சாப்பிட்டு மடித்துவைத்த மிட்டாய்த் தாள்கூட இருந்தது.

அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. கைம்மாறாக என்ன செய்வதென்று யோசித்து, பண்ணையிலிருந்து வெள்ளைச் சாமந்தி வாங்கிவந்து, நம் ஊர் முறையில் கண்ணிக்கு நாலாக நெருக்கக் கட்டி, பெருமையோடு அவள் கழுத்தில் போட்டான்.

"கழட்டி மடியில வச்சு எண்ணுச்சு. ரெண்டு, நாலு, ஆறுன்னு. மொகம் வெளிறிப்போச்சு. தூக்கி வாசல்ல பனியில வீசிருச்சு. எனக்குக் கோவம்னா கோவம். ஒம்பதாம் நாளு பட்டாளத்து ஆளு ரெண்டு பேரு வந்து கதவத் தட்டுனாங்க. சாஷா செத்துப்போனான்."

கீர்த்தனாவின் விரல் நின்றது.

"அப்புறந்தான் பண்ணையில ஒரு பொம்பள சொன்னா. அங்க உசுரோட இருக்கவங்களுக்கு ஒத்தப்படையிலதான் பூக் குடுப்பாங்களாம். ரெட்டப்படை, செத்தவங்களுக்கு. அன்னைக்குத்தான் நான் பண்ணையில கட்டுகள எண்ணிப் பார்த்தேன். வேன் வேனாப் போகுது. அம்புட்டும் ரெட்டப்படை."

விக்னேஷ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "பூவ எண்ணிக் கட்டுனா ஆளு செத்துருவானாக்கும்?"

"எம் புத்திக்குத் தெரியுது, பூ கொல்லலன்னு. கைக்குத் தெரியலையே." கண்ணுசாமி தன் விரல்களைப் பார்த்தான். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். ஒரு தாய்க்கு முன்கூட்டியே சாவு மாலை போட்டவன் என்று தன்னைத்தானே நினைத்துக்கொண்டிருந்தான்.

"மிச்சத்தையும் கேளு. ஒரு மாசம் அந்தம்மா என்கூடப் பேசல. சோறு மட்டும் மேசையில இருக்கும். அப்புறம் பண்ணைக்கு ஆபீசருங்க வந்தாங்க. காவல் வேலை, ஒரு வருசம், சண்டைப் பக்கமே போக வேணாம், கையெழுத்துப் போடுங்கன்னு ஒரு பேப்பரு. ஒரு எழுத்துப் புரியல. நாளைக்குப் போடுறேன்னுட்டு வந்தேன். மறுநா காலையில கிளம்புறேன், அந்தம்மா வாசல மறிச்சுக்கிட்டு நிக்குது. என் பாஷை அதுக்குத் தெரியாது, அது பாஷை எனக்கு அரைகொறை. எங் கையப் பிடிச்சு, உள்ளங்கையில பூ வச்சு, விரல மடக்கி விட்டுச்சு. பாத்தேன். ரெண்டு பூ."

வேப்ப மரத்தில் காக்கை ஒன்று கத்திவிட்டுப் போனது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் கையெழுத்துப் போடாம ஊருக்குத் திரும்பி வந்துட்டேன். என்கூட இருந்த நேப்பாளத்துப் பையன் போட்டான். அவன் போனு இன்னும் எடுபடல."

"எனக்குப் பண்ணை வேலைன்னுதான்ணே எழுதிருக்கு…" விக்னேஷின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"எனக்கும் அப்படித்தான்லே எழுதிருந்துச்சு."

கீர்த்தனா மடியிலிருந்த மாலையைத் தூக்கி, நுனியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக விரலால் தள்ளி எண்ணினாள். நாலு, எட்டு, பன்னிரண்டு. பாதிவரை போனவள், மாலையை அப்படியே தண்ணி வாளிக்குள் போட்டாள். பாஸ்போர்ட்டை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

"ஏங்க, எங் கையால இதை உங்களுக்குப் போட மாட்டேன். வேற யார் கையாலயாச்சும் போட்டுக்கிட்டுப் போங்க."

அழுதுகொண்டேதான் சொன்னாள். விக்னேஷ் அவள் முந்தியைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு பாயில் உட்கார்ந்து சட்டைப் பட்டனைக் கழற்றினான். ஏஜெண்டு அனுப்பிய கார் தெருமுனையில் வந்து நின்று ஆரன் அடித்தது. அவன் எழவில்லை. கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

உடனே கண்ணுசாமியின் போன் அடித்தது. ஒட்டன்சத்திரத்து ஏஜெண்டு.

"ஏனுங்கண்ணா, தம்பி வரலீங்களா? சரி விடுங்க. உங்க ஊர்ல வேற யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. வயசு அம்பதானாலும் பரவால்லீங்க, ஒரு கண்ணு தெரியலீன்னாலும் பரவால்லீங்க. அங்க ஆளே இல்லீங்கண்ணா."

கண்ணுசாமி போனை அணைத்துவிட்டுக் கூடையை இழுத்துக்கொண்டான். மார்க்கெட்டுக்கு இன்னும் பத்து முழம் கட்ட வேண்டும். நாரை நனைத்து எடுத்து, பூவில் கை வைத்தான். கலீனா அம்மாவுக்கு இனி ஒத்தப்படையில் பூக் கொடுக்க அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தான். விரலுக்குள் வந்தது மூன்று.